ஒற்றை நட்சத்திரம்

எங்கள் சிறையில் மாதக் கடைசியில் கைதிகள்தான் வார்டர்களுக்கு நட்சத்திரம் போட வேண்டும். செல் சுவரில் இருக்கும் திரையைத் தொட்டால் போதும்.

எங்கள் வார்டர் இசக்கியப்பனுக்கு இந்த முறையும் ஒற்றை நட்சத்திரம். மனுஷன் கம்பியருகே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு நான் என்னய்யா குறை வச்சேன்?"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களில் மரியசூசைதான் வாயைத் திறந்தான்.

"ஐயா, முன்னாடி இருந்த தர்மராசு எங்களை அடிக்காத நாளே கிடையாது. அவருக்கு எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் போட்டோம்."

"அவனுக்கா? எதுக்குய்யா?"

"இப்ப அவர் எங்க இருக்காரு?"

"பிரமோஷன் வாங்கிட்டு தலைமை ஆபீசுக்குப் போயிட்டான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. இசக்கியப்பனின் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதும் தலைமை ஆபீஸ் இருக்கும் அந்த ஊரில்தான்.

மறுநாள் காலையில் இசக்கியப்பன் லத்தியால் கம்பிகளைத் தட்டிக்கொண்டு வந்தார். முகத்தை அப்படியே தர்மராசு மாதிரி வைத்திருந்தார். எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நேராக மரியசூசையிடம் போய் உறுமினார்.

"எந்திரிடா நாயே. சுகர் மாத்திரை போட்டியா இல்லையா?"

அந்த மாதமும் ஒற்றை நட்சத்திரம்தான்.