தள்ளவும்

மழையில் கரையாமலிருக்க, கண்ணாடிக் கதவின் உட்புறம் நின்று, வலமிருந்து இடமாக எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவாள் பெயிண்டரம்மா. தெருவிலிருந்து பார்த்தால் ‘தள்ளவும்’ என்று நேராகத் தெரியும்.

இன்னும் திறக்காத இந்தக் காலிக் கடையில் மட்டும், எழுதிப் பூட்டிவிட்டுப் போனால், மறுநாள் அது உள்ளேயிருந்து படிக்கும்படி திரும்பிவிடுகிறது. இரண்டு முறை சுரண்டி எழுதியாயிற்று.

“ஞாபகமறதியில நேரா எழுதிட்டீங்களாக்கா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“நானா, இந்தக் கதவான்னு ஒரு கை பாத்துடறேன் தம்பி.”

மூன்றாவது முறை எழுதி, பூட்டிவிட்டு, தெருவிலேயே நின்றாள். கண்ணெதிரே எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. உள்ளே யாருமில்லை, வெற்றுத் தரைதான். ஆனாலும் உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல் கதவு தெருப்பக்கம் நகரப் பார்த்தது. பூட்டு இறுகிக் கிரீச்சிட்டது.

பெயிண்டரம்மா பிரஷைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணாடியில் தோளைக் கொடுத்து, தானும் தள்ளினாள்.