நாலாவது கூறு

“மூண்டு பேருக்கு நாலு கூறு வெக்கிறார் மிஸ். இவர எப்பிடிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறது?”

கில்பட் முறையிட்டது ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சுதர்சினி மிஸ்ஸிடம். பக்கவாதத்தால் யோசனை தடுமாறுபவர்களை, அன்றாட வேலைகளைச் செய்யவைத்தே தேற்றுவது அவள் தொழில்.

பஸ்தியான் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். அதுவரை வள்ளத்தை ஓட்டியவர் அவர்தான். இப்போது கில்பட் ஓட்டுகிறான், துணைக்குச் சஜீவன். மீனை விற்குமுன் வீட்டுக் கறிக்கென்று ஆளுக்கொரு கூறு எடுப்பது அவர்கள் வழக்கம். கூறு வைக்கும் அந்த வேலையைத்தான் மிஸ் பஸ்தியானுக்குப் பயிற்சியாகக் கொடுத்திருந்தாள். பிழையில்லாமல் செய்தால் திரும்ப வள்ளத்தில் ஏறலாம். மனுசன் உயிரோடு இருந்ததே அந்த நினைப்பில்தான்.

ஆனால் தினமும் நாலு கூறு. சஜீவன் சிரிப்பான். கில்பட் நாலாவதை வழித்துக் கூடைக்குள் போடுவான். பஸ்தியான் வாயைத் திறப்பார், சொல் வருமுன் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

இன்றைக்கும் சாக்கின்மேல் நாலு கூறு சூடை மீன்.

“பாத்தீங்கதானே? எண்ணத் தெரியாத ஆள ஏத்தி, கடல்ல ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது? ஏலாதெண்டே எழுதுங்க மிஸ்.”

பஸ்தியானின் கண் கலங்கியது.

மிஸ் எழுதவில்லை. அவருக்குப் பக்கத்தில் மணலில் குந்தினாள். “ஐயா, இது ஆருக்கு?”

“எ... னக்கு.”

“இது?”

“கில்பட். அது... சஜீவன்.”

“அப்ப இது?”

அவர் உதடு கோணியது. கில்பட் குறுக்கே ஏதோ சொல்லப் போனான். மிஸ் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“மக்... டலின்.”

சஜீவனின் சிரிப்பு நின்றது. மக்டலின், இதே வள்ளத்திலிருந்து கடலில் விழுந்து செத்துப்போன மரியானின் பெண்சாதி.

“அவவுக்கு ஏன் ஐயா கூறு?”

பஸ்தியான் கில்பட்டைக் காட்டினார். “இவன்... மரியானைப் புதைச்ச... குழியடியில... சத்தியம் பண்ணினவன். பிள்ளையள்... வளருமட்டும்... மரியான்ட பங்கு... குடுக்கிறதெண்டு.”

அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தவர் பஸ்தியான். அவர் விழுந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒரு சூடைகூடப் போகவில்லை. கில்பட் தலையைக் குனிந்தான்.

மிஸ் பேனாவைத் திறந்தாள். “என்ன எழுத?”

“அவர் சரி மிஸ்,” என்றான் கில்பட், தலையை நிமிர்த்தாமலே. “மறதி எங்களுக்குத்தான்.”