உள்ளே வர ஒன்பதாயிரம்

விலை வைக்கவே கூடாத ஒரு பொருளுக்கு எட்வேட் வைத்திருந்த விலை பதினையாயிரம் ரூபாய்.

பொருள் என்றால் கையில் பிடிக்கக்கூடியது அல்ல. இணையத்தில் சினிமாப் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் மூடிய குழு ஒன்றுக்குள் நுழைவதற்கான அழைப்பு. உறுப்பினர் ஒருவர் அனுப்பினால்தான் உள்ளே வரலாம். அனுப்பலாம், விற்கக் கூடாது. அதுதான் குழுவின் முதல் விதி.

'வாங்கினவன் போய்ச் சொல்லவா போறான்? சொன்னா அவனுக்கும்தானே கதவு மூடும்' என்பது எட்வேட்டின் சட்ட அறிவு.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் அவனுடைய கடை. முன்னால் ஃபோன் கவரும் சார்ஜரும் தொங்கும். உண்மையான வியாபாரம் உள்ளே, பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பது. மனைவி றோஸியின் தம்பி பீற்றர் கனடாவிலிருந்து சும்மா அனுப்பிய அழைப்பில் குழுவுக்குள் போனவன் அவன். படமெல்லாம் வருவது அங்கிருந்துதான்; அந்தக் கணக்குப் போனால் கடையில் மிஞ்சுவது கவர் மட்டும்தான்.

அன்று காலை வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பெயர் சிவானந்தன், வெள்ளவத்தை என்றார். காலில் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. உட்கார்ந்ததும் ஃபோனை மேசைமேல் வைத்தார். அதன் முகம் எட்வேட்டைப் பார்த்தபடி இருந்தது.

"வெள்ளவத்தையில இல்லாத கடையா ஐயா?"

"கடை இருக்குத் தம்பி. உந்த அழைப்பு உங்களிட்டைத்தான் கிடைக்கும் எண்டு ஆக்கள் கதைச்சினம்."

றோஸி பின்னால் நின்று எட்வேட்டின் சேர்ட்டை இழுத்தாள். அவன் கவனிக்கவில்லை.

"சும்மா கிடக்கிற தளங்களில எடுக்கலாம்தானே? இதுக்கு ஏன் காசு?" என்றார் சிவானந்தன்.

எட்வேட்டுக்குப் பிடித்த கேள்வி. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டான்.

"அதில படம் எடுத்துப் பாத்திருக்கீங்களா? தியேட்டருக்குள்ள ஃபோன்ல பிடிச்சது. கதாநாயகி அழுற நேரம் முன்சீட்டுக்காரன் எழும்பிக் கக்கூசுக்குப் போவான். இல்லாட்டி முக்கால்வாசியில நிண்டுரும். எல்லாரும் எடுப்பாங்க, ஒருத்தனும் திருப்பிக் குடுக்க மாட்டான். கூடவே வைரஸ் வேற இலவசம்."

"உங்கட குழுவில?"

"எடுத்த அளவுக்குக் குடுத்தே ஆகணும். குடுக்காட்டி வெளியில. அதனால எந்தப் பழைய படமும் எப்பவும் இருக்கும், சுத்தமா இருக்கும். கண்டவனும் வர ஏலாது. நான் கூட்டி வந்தவன் பிழை விட்டா நானும் போவேன். நான் பிழை விட்டா என்னைக் கூட்டி வந்தவனும் போவான்."

"ஆர் இதெல்லாம் பாக்கிறது?"

"மேல ரெண்டு மூணு பேர் இருக்காங்க. யாரு, எங்க, ஒண்டும் தெரியாது. பொலிஸைவிட மோசம்."

"நீங்கள் இதுவரைக்கும் எத்தினை பேருக்கு வித்திருப்பியள்?"

றோஸி இந்த முறை சேர்ட்டோடு தோலையும் சேர்த்து இழுத்தாள். "இங்க ஒருக்கா வாங்க!"

உள்ளறைக்குள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். "அந்தச் சப்பாத்தைப் பாத்தீங்களா? அது பொலிஸ் சப்பாத்து. ஃபோன்ல ரெக்கோர்ட் பண்றான். என்ட தம்பி சும்மா தந்ததை வித்து உள்ள போகப் போறீங்களா?"

"பொறுடி. பொலிஸா இல்லையா எண்டு இப்பத் தெரியும்."

எட்வேட் திரும்பி வந்து விலையைச் சொன்னான். சிவானந்தன் நெஞ்சில் கை வைத்தார்.

"பதினைஞ்சோ! ஆறு தாறன்."

"ஆறுக்குச் சார்ஜர்தான் வரும் ஐயா."

"ஏழு."

"பன்ரெண்டு. உங்கட வயசுக்கு மரியாதை."

சிவானந்தன் எழுந்து வாசல்வரை போனார், நின்றார், திரும்பினார். கூட ஒரு சார்ஜர் தந்தால் ஒன்பது என்றார். அதுவும் ஒரு வருட உத்தரவாதத்தோடு.

எட்வேட்டின் முகம் மலர்ந்தது. றோஸியின் காதில் சொன்னான்: "பாத்தியா? அரசாங்கச் சல்லியோட வாறவன் பேரம் பேச மாட்டான். கேட்டதைக் குடுத்துட்டுக் கையில விலங்கு போடுவான். சொந்தச் சல்லிக்குத்தான் இப்பிடி வாய் வலிக்கும்."

ஒன்பதாயிரம் கைமாறியது. சிவானந்தனின் மின்னஞ்சலுக்கு அழைப்புப் போனது. அவர் சார்ஜரைப் பொருத்திப் பார்த்து, வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டு, ஓட்டோ பிடித்துப் போனார். றோஸி வீதியின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். ஜீப் ஒன்றும் வரவில்லை.

மதியம் போனது. பின்னேரமும் ஒருவரும் வரவில்லை. றோஸிகூடச் சிரிக்கத் தொடங்கினாள்.

ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து பீற்றர் ஃபோன் எடுத்தான். றோஸி காதில் வைத்த வேகத்தில் எடுத்து எட்வேட்டிடம் நீட்டினாள்.

"அத்தான், என்ன செஞ்சீங்க? என்னைக் குழுவை விட்டு வெளியில போட்டுட்டாங்க!"

எட்வேட் கணினிக்கு ஓடினான். அவனுடைய கணக்குத் திறக்கவில்லை. திரையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது.

'தம்பி எட்வேட், எங்கள் குழுவின் சிறப்பை நீங்கள் சொன்னதுபோல் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பேரம் பேசியதைக் குறையாக நினைக்க வேண்டாம். உறுப்பினர்கள் சேர்த்துத் தந்த பொதுப்பணம், பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். சார்ஜர் நன்றாக வேலை செய்கிறது. இப்படிக்கு, சிவானந்தன், தலைமை நிர்வாகி.'

அதன் கீழே கணக்கு முடிக்கப்பட்டிருந்தது:

'நீங்கள் எடுத்தது ஏழு டெராபைட். கொடுத்தது ஏழு டெராபைட். எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, ஒன்பதாயிரம் ரூபாய்.'