ஐந்தாம் பிட்டின் அறை

கணினியின் வட்டில் வரிசைக்கு எட்டு அறைகள். ஒவ்வொரு வாசலிலும் குட்டி விளக்குப் போல ஒரு பிட் காவல் நின்றது. பிட் எரிந்தால் அறையில் ஏதோ இருக்கிறது, அணைந்தால் காலி.

மூன்றாம் அறை காலியானதும், அணைப்பதற்கென்று எழுதப்பட்ட மேக்ரோ என்ற கட்டளைத் துணுக்கு வந்து எட்டுப் பிட்களையும் ஒரேயடியாக அணைத்தது.

“யோவ், மூணைத்தானே அணைக்கச் சொன்னாங்க?” என்று கத்தியது ஐந்தாம் பிட். “உள்ளே ஒரு பொண்ணோட நாலு வருஷ ஆய்வேடு இருக்குய்யா!”

“என்னை அப்படித்தான் எழுதியிருக்காங்க. உள்ளே எட்டிப் பார்க்கிறது என் வேலை இல்ல.”

அதற்குள் யாரோ பதிவிறக்கிய ஒரு சினிமாப் படம் இடம் தேடி வந்தது. ஐந்து அணைந்திருப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்து, ஆய்வேட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. கடைசி வரிவரை அழிந்தது. ஐந்தாம் பிட் மறுபடி எரிந்தது.

“அதான் எரியிறியே, இன்னும் என்ன கோபம்?” என்றபடி மேக்ரோ அடுத்த வரிசைக்குப் போனது.