சட்டைத் துண்டு

"கதவைத் தாழ் போடுங்கப்பா! குற்றவாளி ஓடிடப் போறாரு!"

கத்தரிக்கோலைத் தலைக்கு மேல் ஆட்டியபடி கர்ட் கத்தினான். அடுப்பில் கறிச்சாற்றைக் கிளறிக்கொண்டிருந்த அவன் அக்கா மார்னா திரும்பிப் பார்த்தாள். அறை நடுவில் அவள் கணவன் லைல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அசட்டுச் சிரிப்போடு நின்றிருந்தான்.

விஸ்கான்சினின் வடக்குக் காட்டில் மான் வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமை. வருஷா வருஷம் அன்றைக்குக் குடும்பமே அப்பா ஆர்வில்லின் மரவீட்டில் கூடிவிடும். குறி தப்பியவனின் சட்டை நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே சட்டம்.

"குறி தப்பியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன். அத்தான் சுடவே இல்ல! அப்பா, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

ஆர்வில் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை உக்காந்திருந்த பரணுக்கு நேரெதிர்ல தடம் கிடக்கு. நல்ல பெரிய கொம்பு மானா இருக்கணும். பனியைக் காலால கிளறி, நின்னு நிதானமா மேய்ஞ்சிட்டுப் போயிருக்கு. இருக்கறதுலயே நல்ல பரண்னு அதை இவருக்கு விட்டுக்கொடுத்தேன்."

"அந்த நேரத்துல என்ன அத்தான் பண்ணிட்டிருந்தீங்க?"

"தூங்கிட்டேன்" என்றான் லைல்.

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த கர்ட்டின் மனைவி பிரிட்டா, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"தலையணை கொண்டு போகலியா? மான் வந்து போர்வை போத்திவிட்டுச்சா?" என்றபடி சட்டை நுனியைக் கத்தரித்துச் சுவரில் அடித்தான் கர்ட். லைல் கோபப்படவில்லை. மச்சானை இழுத்துக் கட்டிக்கொண்டான். விடவே இல்லை.

"ஐயோ அத்தான், எலும்பு நொறுங்குது! அக்கா, இவரை இழுத்துக்கோ!"

மார்னாவும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. ஆகஸ்டில் காகித ஆலையை மூடியதிலிருந்து லைலுக்கு வேலை இல்லை. கறி வைக்கும் உறைபெட்டி காலியாகி வெகு நாளாயிற்று. ஒரு பெரிய மான் கிடைத்தால் வசந்தம் வரை பிள்ளைகளுக்குக் கறிக்குக் கவலையில்லை. அது கண்ணெதிரே வந்து நிற்க, இந்த மனிதர் குறட்டை விட்டாராம்!

சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல் ஆர்வில் ஜெபம் சொல்லக் கண்ணை மூடினார். "மாமா, இன்னிக்கு நான் சொல்லட்டுமா?" என்று லைல் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் பக்கமே போகாத ஆள் அவன்.

"ஆண்டவரே..." என்று ஆரம்பித்தவன் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "நாங்க எல்லாரும் இங்க இருக்கோம். ரொம்ப நன்றி. ஆமென்."

"தூக்கத்தைக் கொடுத்ததுக்கும் நன்றி சொல்லியிருக்கலாம்" என்று கண்ணடித்த கர்ட், அதே மூச்சில் மார்னாவைப் பார்த்தான். "அக்கா, சாயங்காலம் நான் சுட்டேனே, அந்த மான் உனக்கு. முழுசா எடுத்துட்டுப் போ."

"உனக்கும் குடும்பம் இருக்குடா."

"என் குட்டி இன்னும் பால்தானே குடிக்குது" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினான். "அம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்டது நீதானே? பேசாம எடுத்துக்கோ."

மார்னாவின் கண் நிறைந்துவிட்டது. தான் வளர்த்த பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பு, கட்டியவருக்கு இல்லையே என்று மனசு ஒப்பிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் விறகு எடுக்க வெளியே போனாள். லைலும் பின்னாலேயே வந்தான். உள்ளேயிருந்து கர்ட்டின் குரல், குறட்டை விடுவதுபோல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா? ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்" என்றாள்.

"சிரிக்கட்டும். அவன் சிரிக்கறதைக் கேக்க எவ்வளவு நல்லாயிருக்கு!"

"உங்களுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கா? என் தம்பி தான் சுட்டதைத் தூக்கிக் கொடுக்கிறான். நான் கை நீட்டி வாங்கிக்கறேன். எப்படிங்க தூக்கம் வந்துச்சு உங்களுக்கு?"

லைல் விறகைக் கீழே வைத்தான். போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

"நான் தூங்கலை மார்னா."

"பின்ன?"

"இது உன்னோடயே நிக்கணும். மாமாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே இந்த வீட்டைப் பூட்டிடுவாரு. அவனுக்குத் தெரிஞ்சா, ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்."

"எவனுக்கு? என்ன சொல்றீங்க?"

"மான் வந்துச்சு. அவ்வளவு பெருசை நான் பார்த்ததே இல்ல. நெஞ்சுக்கு நேரா குறி வெச்சு, விசையில விரலையும் வெச்சுட்டேன். அழுத்தப்போற நேரத்துல அது ஓரடி முன்னால நகர்ந்துச்சு." லைல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அது நின்ன இடத்துக்கு நேர் பின்னால, புதருக்குள்ள, ஆளுன்னு தெரியறதுக்காகப் போடற ஆரஞ்சுக் கோட்டைக் கழட்டி வெச்சுட்டு, மான் நிறத்து ஸ்வெட்டரோட ஒதுங்க உக்காந்திருந்தான் உன் தம்பி."