ஜன்னலின் வெள்ளை

பழைய கேமராக் கடையின் மேசையில் விற்பனைக்கு இரண்டு ஃபிலிம் ஸ்கேனர்கள். தங்கை தன் பழைய நெகட்டிவை முதலில் மலிவானதில் வைக்கிறாள். திரையில் அவர்கள் வீட்டுச் சமையலறை வருகிறது. ஜன்னல் மட்டும் வெறும் வெள்ளை. "இதுவே போதும்டி. லீவு நாள்ல எடுக்கிற நாலு படத்துக்கு எதுக்கு ஆனை விலை குதிரை விலை?" என்று அக்கா கைப்பையை இறுக்கிக்கொள்கிறாள். கடைக்காரர் அதே நெகட்டிவை விலை கூடியதில் வைக்கிறார். உள்ளே விளக்கு முனகிக்கொண்டே நகர்கிறது. இப்போது அந்த வெள்ளைக்குள் ஒரு கொடிக்கயிறு தெரிகிறது. ஈரப் போர்வை, அதை உதறும் இரண்டு கைகள், பிறகு முகம். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிந்த அம்மா, ஒரு படம்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்ட அம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். தங்கையின் விரல் திரையைத் தொடாமல் நிற்கிறது. அக்கா கேட்கிறாள்: "வீட்டுல இன்னும் எத்தனை நெகட்டிவ் இருக்குடி?"