ஜப்பான் கொக்கு

"மாப்ள, இதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பாப்பாவுக்கு காலேஜ்ல குடுத்த ஜப்பான் படம். அர்த்தம் அதுக்கே தெரியலியாம்."

திண்டிவனம் அமலதாஸ் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி நீட்டியதும், பெண் பார்க்க வந்த சகாய பிரவீனுக்குக் கேசரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

படம் என்னவோ அழகுதான். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தது. தண்ணீரில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு, காலடியில் ஒரு மீன். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கவிதை. அங்கேதான் வந்தது வினை.

எல்லாம் அம்மா சவுரியம்மாள் செய்த வேலை. விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "எம்புள்ள ஜப்பான் கம்பெனியில இருக்கான். ஜப்பான்காரனையே ஜப்பான் பாஷையில திட்டுவான்னா பாத்துக்கோங்க!" என்று அளந்துவிட்டாள். பாவம், அவனுக்குத் தெரிந்தது நன்றி சொல்லும் 'அரிகாத்தோ' ஒன்றுதான்.

காபித் தட்டோடு நின்ற வெனிலாவைப் பார்த்தான். பார்த்த நிமிஷமே இவள்தான் என்று ஆகிவிட்டது அவனுக்கு. இப்போது முழித்தால் சம்பந்தம் அம்பேல். ஆனது ஆகட்டும் என்று தொண்டையைச் செருமினான்.

"கொக்கு சொல்லுதுங்க மாமா... 'குளமே வத்தினாலும் போவ மாட்டேன். நீ வர்ற வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருப்பேன்.'"

"அடேயப்பா!" அமலதாஸ் பூரித்துப் போனார். "இத்தினி வருஷம் சும்மா தொங்கிக்கினு இருந்துச்சே! சரி, ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசிட்டு வாங்க."

படத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள் வெனிலா. அறைக்குள் போனதும், "கவிதை சூப்பருங்க. நான் எழுதுனதைவிட நல்லாருக்கு" என்றாள்.

"நீங்க எழுதுனதா?"

"ஓவியம் படிச்சப்ப நான் செதுக்குன மொத படம் இது. அந்தப் பீரோ கண்ணாடியில காட்டிப் பாருங்க."

காட்டினான். கண்ணாடிக்குள் பளிச்சென்று தமிழ்!

'பயப்படாதே மீனே, எனக்குத் தவக்காலம்.'

பிரவீன் படத்தைச் சட்டென்று கீழே இறக்கினான். "ஸாரிங்க... அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"எப்படிங்க சொல்றது? கட்டையில எழுத்தைத் திருப்பிச் செதுக்கணும், மறந்துட்டேன். அப்பா கேட்டப்ப வெக்கமாப் போயி, ஜப்பான் படம்னு புளுகினதே நான்தான்! ரெண்டு பேரு குட்டும் வெளிய வராம இருக்கணும்னா, ஜல்தியா நீங்க என்னைக் கட்டிக்கிறதுதான் ஒரே வழி!"